சென்னை மாநகர பஸ்: ஊர்ல இருந்து வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நம்ம வீடு சென்னையில இருக்கறதால, ஊர்ல இருந்து யார் இன்டர்வியூக்கு வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கல்யாணத்துக்கு வந்தாலும் மொத ஃபோன் நமக்குத்தான் வரும். "ஆட்டோக்காரன் ஐநூறு கேக்குறான்ப்பா, எந்த பஸ்ல ஏறணும்னு மட்டும் சொல்லு" இதான் ஆரம்பம், அப்புறம் பஸ்ல ஏறினதுக்கு அப்புறம் ஒரு நாலு ஃபோன். மதுரையிலயும் கோயம்புத்தூர்லயும் தெனம் டவுன் பஸ்ல போய் வந்து பழகினவங்களே இங்க வந்து முழிக்கறாங்க, ஏன்னா பஸ் அதே பஸ்தான் ஆனா பழக்கவழக்கம் வேற. கேள்வியெல்லாம் அவங்க கேட்ட வாக்குலயே போட்டிருக்கேன்.

"பஸ் கோயம்பேட்லதானே நிக்கும்? அங்க வந்து கூட்டிட்டுப் போயிடுறியா?"

தெற்குல இருந்து வர்றீங்கன்னா, அதாவது திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில், சேலம்னு ஜிஎஸ்டி ரோடு வழியா வர்ற பஸ்னா, இப்ப கிளாம்பாக்கத்தோட முடிஞ்சிரும். கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம்னு பேரு, 2023 டிசம்பர் 30ம் தேதி தொறந்தாங்க, வண்டலூர் பக்கத்துல. ஆந்திரா பக்கம் போற வர்ற பஸ்ஸுக்கு மாதவரம். மத்த திசையில இருந்து வர்றவங்க டிக்கெட்ல எறங்குற எடம் என்ன போட்டிருக்குனு ஏறும்போதே பாத்துடுங்க, பழைய ஞாபகத்துல "கோயம்பேடு"னு மட்டும் சொல்லாதீங்க, கூட்டிட்டுப் போக வர்றவரு ஒரு எடத்துலயும் நீங்க ஒரு எடத்துலயும் நிப்பீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். கிளாம்பாக்கம் வேற, கேளம்பாக்கம் வேற. கிளாம்பாக்கம் ஜிஎஸ்டி ரோட்டுல இருக்கு, கேளம்பாக்கம் ஓஎம்ஆர்ல, அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பதினஞ்சு கிலோமீட்டருக்கு மேல. பஸ் சத்தத்துல கண்டக்டர் காதுல ரெண்டும் ஒண்ணா விழும். ஊருக்குத் திரும்பறப்ப சிட்டியில இருந்து பஸ் ஏறினா "புது பஸ் ஸ்டாண்டு, வண்டலூர் கிளாம்பாக்கம்"னு சேத்தே சொல்லுங்க. ராத்திரி ஒன்பது மணி பஸ்ஸுக்கு ரிசர்வேஷன் பண்ணிட்டு எட்டே முக்காலுக்கு ஓஎம்ஆர்ல நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

"அங்கருந்து ஊருக்குள்ள வர டவுன் பஸ் இருக்கா, இல்ல ஆட்டோதானா?"

நெறய இருக்கு. முனையத்துக்குள்ளயே மாநகர பஸ்ஸுக்குத் தனி எடம் இருக்கு, போர்டு பாத்து நடந்தா வந்துரும். கோயம்பேடு போக 70வி, பிராட்வே பக்கம் போக 18ஏ, 21ஜி இதெல்லாம் இருக்கு. ஆனா தூரம் முப்பது கிலோமீட்டருக்கு மேலன்றத மனசுல வெச்சுக்குங்க, விடிகாலையில வந்தீங்கன்னா சட்டுனு போயிரும், எட்டு மணிக்கு மேல ஆச்சுன்னா பெருங்களத்தூர் தாண்டறதுக்குள்ளயே பொறுமை போயிரும்.

நான் சொல்றது என்னன்னா, எழும்பூர், சென்ட்ரல், நுங்கம்பாக்கம், மாம்பலம் இந்தப் பக்கம் போறவங்க மாநகர பஸ்ல தாம்பரம் வரைக்கும் வந்து எலக்ட்ரிக் ட்ரெயின் புடிச்சுடுங்க. பஸ் மேல நமக்கு ஒண்ணும் கோவம் இல்ல, காலை நேர ஜிஎஸ்டி ரோடு மேலதான். வேளச்சேரி, மேடவாக்கம், திருவான்மியூர் போறவங்க மட்டும் பஸ்லயே போங்க, அங்கல்லாம் ட்ரெயின் சுத்து.

"செவப்பு, பிங்க், நீலம்னு கலர் கலரா வருதே, எதுல ஏறணும்? டிக்கெட் ஒரே ரேட்டா?"

ஒரே ரேட் இல்ல. சாதாரண பஸ், அதாவது எல்லாரும் "வெள்ள போர்டு"னு சொல்றது, அதுல கம்மி டிக்கெட்டே 5 ரூபாதான், 2018ல ஏத்தின ரேட். அதே தூரத்துக்கு டீலக்ஸ்ல ரெண்டு மடங்குக்கு மேல ஆகும். ஏசி பஸ்ல ஏறி உக்காந்தாலே 15 ரூபா. இப்ப எலக்ட்ரிக் பஸ் வேற வந்துருச்சு, 2025 ஜூன்ல வியாசர்பாடி டிப்போல இருந்து 120 பஸ்ஸோட ஆரம்பிச்சாங்க, சத்தமே இல்லாம வந்து பக்கத்துல நிக்கும்.

கலர வெச்சு முடிவு பண்றது கொஞ்சம் ரிஸ்க், ஏன்னா பழைய பஸ் புது பஸ் எல்லாம் கலந்து ஓடுது. மூக்கும் முதுகும் பிங்க்கா இருந்தா அது சாதாரண பஸ், அது ஒண்ணு நிச்சயம். மத்தபடி முன் கண்ணாடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரப் படிங்க, டவுட்டா இருந்தா ஏறுறப்பவே "வெள்ள போர்டாண்ணா?"னு கேட்டுருங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, உள்ளூர்க்காரங்களும் கேக்கறாங்க. அவசரம் இல்லன்னா சாதாரண பஸ்ஸுக்கு வெயிட் பண்ணலாம், அவசரம்னா வந்த பஸ்ல ஏறுங்க, பத்து ரூபா மிச்சம் புடிக்க அரை மணி நேரம் வெயில்ல நிக்கறது என்னைக் கேட்டா லாபம் இல்ல.

"ஏப்பா, லேடீஸுக்கு ஃப்ரீன்னு சொல்றாங்களே, நாங்க வேற ஊராச்சே, எங்களுக்கும் உண்டா? ஆதார் கார்டு எடுத்துட்டு வரணுமா?"

உண்டு சித்தி. எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஆதாரும் காட்ட வேணாம். விடியல் பயணம்னு பேரு, 2021 மே 8ல இருந்து நடக்குது, உங்க ஊர் டவுன் பஸ்ல இருக்கற அதே திட்டம்தான். சாதாரண பஸ்ல மட்டும்தான், மேல சொன்ன டீலக்ஸ், ஏசியில ஏறிட்டு "நான் லேடீஸ்"னு சொன்னா காசு குடுத்துதான் ஆகணும். பிங்க் பெயின்ட் அடிச்சதே இதுக்குத்தான், தூரத்துல வர்றப்பவே தெரியணும்னு.

ஃப்ரீன்னாலும் டிக்கெட் வாங்கணும். கட்டணம் இல்லாத டிக்கெட்னு ஒண்ணு கிழிச்சுத் தருவாங்க, எறங்குற எடத்தச் சொல்லி அதக் கையில வாங்கி வெச்சுக்குங்க. திருநங்கைகளுக்கும் இதே சலுகை உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை இருந்தா அவங்களுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் உண்டு. 60 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் பத்து டோக்கன் குடுக்கறது சென்னையில குடியிருக்கறவங்களுக்கு மட்டும், ஊர்ல இருந்து வர்ற தாத்தாவுக்குக் கெடையாது.

"கண்டக்டரு எடத்த விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறாரு, டிக்கெட் எப்படி வாங்கறது?"

வெளியூர்க்காரங்க எல்லாரும் தடுமாறுற எடம் இது. உங்க ஊர்ல கண்டக்டர் கூட்டத்துக்குள்ள பூந்து பூந்து வந்து "டிக்கெட் டிக்கெட்"னு கேப்பாரு. இங்க அவருக்குப் பின் வாசல் பக்கத்துல ஒரு சீட்டு, கூட்டம்னா அங்கயே உக்காந்துருவாரு, காசுதான் அவரத் தேடிப் போகணும். சில பேரு நடந்து வந்தும் குடுக்கறாங்க, ஆனா அத நம்பிட்டு இருக்காதீங்க.

எப்படின்னா, நீங்க முன்னாடி நிக்கறீங்க, கையில இருபது ரூபா. பின்னாடி நிக்கறவர் தோளத் தொட்டு "அண்ணே, ஒரு அடையாறு"னு சொல்லிக் குடுங்க. அவர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு, கை மட்டும் வாங்கும், அடுத்த ஆளுகிட்ட "ஒரு அடையாறு", அவர் அடுத்தவங்ககிட்ட "அடையாறு ஒண்ணாம்", இப்படியே போயி கண்டக்டர் கைக்குச் சேரும். ரெண்டு நிமிஷத்துல டிக்கெட்டச் சுருட்டி அதுக்குள்ள சில்லறைய வெச்சு அதே வழியில திரும்பி வரும், நடுவுல ஒரு பாட்டி "யாருப்பா அடையாறு?"னு கத்தும், நீங்க கையத் தூக்கணும், அவ்ளோதான். முன்னப்பின்ன தெரியாத நாலு பேரு கை மாறி வந்தும் அம்பது பைசா கொறயாது, இந்த ஊருல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான். ஒண்ணே ஒண்ணு, உங்க கைக்கு அடுத்தவங்க காசு வந்தா மொபைல் பாத்துட்டு நிக்காம தள்ளி விடுங்க. நோட்ட நீட்டும்போது ஸ்டாப் பேரச் சத்தமா சொல்லுங்க, எத்தனை டிக்கெட்னும் சொல்லுங்க.

"சில்லறை இல்லன்னா திட்டுவாங்களாமே, ஜிபே எடுத்துக்குவாங்களா?"

500 ரூபா நோட்ட நீட்டி 5 ரூபா டிக்கெட் கேட்டா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். பத்து, இருபது நோட்டா ஒரு நூறு ரூபாக்கு மாத்தி வெச்சுக்குங்க. இப்ப கண்டக்டர் கையில இருக்கற மெஷின்ல க்யூஆர் வரும், யூபிஐ பண்ணலாம், ஆனா நெரிசல்ல முன்னாடி நின்னுக்கிட்டு மெஷின எப்படிப் பாஸ் பண்ணச் சொல்லுவீங்க? அதனால ஜிபே பண்றதுன்னா கண்டக்டர் பக்கத்துல போய் நில்லுங்க. நெட் சுத்திக்கிட்டே இருந்தா பின்னாடி நிக்கறவங்க மூச்சு விடுறது கேக்கும்.

சிங்காரச் சென்னை கார்டுன்னு மெட்ரோவுக்குக் குடுக்குறாங்கல்ல, அது 2025 ஜனவரில இருந்து மாநகர பஸ்லயும் ஏத்துக்கறாங்க. அடிக்கடி சென்னை வர்றவங்க ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம், ரெண்டு நாளுக்கு வர்றவங்களுக்கு நோட்டே போதும்.

"எந்தப் பக்கம் உக்காரணும்? காலி சீட்டுன்னு உக்காந்தேன், ஒரு அம்மா மொறச்சாங்க."

இடது பக்க வரிசை லேடீஸ், வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், ஜென்ட்ஸ். பெங்களூர்ல முன் பாதி லேடீஸ், பின் பாதி ஜென்ட்ஸ்னு இருக்கும், அந்தப் பழக்கத்துல இங்க வந்து உக்காந்தா இப்படித்தான் மொறப்பாங்க. ஜன்னலுக்கு மேல எழுதியிருக்கும் பாருங்க. புருஷன் பொண்டாட்டி ஒண்ணா உக்காரணும்னா காலியா இருக்கற பஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கூட்டம் வந்தா ஆம்பள எந்திரிச்சுடணும். ஏறுறப்ப லேடீஸ் முன் வாசல், ஜென்ட்ஸ் பின் வாசல், இது சட்டம் இல்ல பழக்கம், ஆனா அத மதிச்சா எல்லாருக்கும் ஈஸி.

"நம்பர் கரெக்டா இருந்தா கண்ண மூடிட்டு ஏறலாம்ல?"

ஏறக் கூடாது. மூணு விஷயம் பாக்கணும்: நம்பர், நம்பரோட ஒட்டியிருக்கற எழுத்து, போற திசை. 19 வேற, 19பி வேற. 70 வேற, 70வி வேற. எழுத்து மாறினா வழியும் மாறும், கடைசி ஸ்டாப்பும் மாறும். நம்பருக்கு முன்னாடி எஸ் போட்டிருந்தா அது சின்ன பஸ், 2013ல கொண்டு வந்தாங்க, பெரிய பஸ் நுழைய முடியாத தெருவுக்குள்ள எல்லாம் போகும், மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்குப் போக அதுதான் வசதி.

அப்புறம் "கட்" சர்வீஸ். நம்பருக்குப் பக்கத்துல கட்னு எழுதியிருந்தா அந்த பஸ் முழு தூரம் போகாது, பாதி வழியில திரும்பிரும். எக்ஸ்டென்ஷன்னு போட்டிருந்தா வழக்கமான கடைசி ஸ்டாப்பயும் தாண்டிப் போகும். கட் பஸ்ல தெரியாம ஏறினா ஒண்ணும் குடி முழுகாது, கடைசி ஸ்டாப்ல எல்லாரும் எறங்குவாங்க நீங்களும் எறங்கி அடுத்த பஸ் புடிக்கணும், டிக்கெட் மட்டும் புதுசா எடுக்கணும்.

திசை விஷயத்துல மாட்டிக்கறவங்கதான் அதிகம். 1ம் நம்பர் பஸ் திருவொற்றியூர்ல இருந்து திருவான்மியூர் வரைக்கும் போறது. ஒண்ணு ஊரோட வட கோடி, இன்னொண்ணு தெக்குக் கோடி. "திரு...யூர்"னு அரைகுறையா போர்டப் பாத்துட்டு ஏறினீங்கன்னா கடற்கரைக்குக் காத்து வாங்கப் போறவங்க துறைமுகத்தத் தாண்டிப் போயிட்டு இருப்பீங்க. அதனால ஏறுறதுக்கு முன்னாடி கடைசி ஸ்டாப் பேரச் சொல்லிக் கேக்காம நீங்க எறங்கப் போற ஸ்டாப் பேரச் சொல்லி "போகுமா?"னு கேளுங்க.

"மேப்ல ஒரு பேரு போட்டிருக்கு, பஸ்ல அந்தப் பேர சொன்னா யாருக்கும் தெரியல?"

சென்னையில ஸ்டாப் பேரு ரெண்டு வகை, எழுதியிருக்கறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. அண்ணா மேம்பாலம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஜெமினிதான். அந்த எடத்துல இருந்த ஜெமினி ஸ்டுடியோ எப்பவோ போயிருச்சு, பாலம் 1973ல வந்தது, ஆனா கண்டக்டருக்கு இன்னிக்கும் அது ஜெமினி. மெரினா பக்கம் விவேகானந்தர் இல்லம், பழைய ஆளுங்களுக்கு அது ஐஸ் ஹவுஸ், 1842ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய வெக்கக் கட்டின கட்டிடம். ஐஸ் போயி நூத்தம்பது வருஷம் ஆகப் போகுது, "ஒரு ஐசவுஸ்"னு டிக்கெட் கேட்டா இப்பவும் குடுப்பாங்க. பாரிமுனைய பாரிஸ்னு சொல்லுவாங்க, பயந்துடாதீங்க. எல்ஐசி, டிஎம்எஸ், எஸ்ஐஇடி, எஸ்ஆர்பி டூல்ஸ்னு எழுத்தாவே போற ஸ்டாப்பும் நெறய, ஆபீஸ், காலேஜ், கம்பெனி பேருங்க.

இதுல பெரிய வில்லங்கம் அண்ணா. அண்ணா நகர் ஒரு பக்கம், அண்ணா சாலை அதான் மவுன்ட் ரோடு இன்னொரு பக்கம், அண்ணா சதுக்கம் மெரினாவுல, அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி கோட்டூர்புரம் பக்கம், அண்ணா ஆர்ச் அண்ணா நகருக்குப் போற வழியில பூந்தமல்லி ஹைரோட்டுல, அண்ணா சிலை மவுன்ட் ரோட்டுல, போதாததுக்கு மேல சொன்ன அண்ணா மேம்பாலம். "அண்ணா ஒண்ணு குடுங்க"ன்னா கண்டக்டர் உங்களையே பாப்பாரு. முழுப் பேரச் சொல்லணும். பழக்கத்துல இருக்கற பேரு தெரியலன்னா பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரி, தியேட்டர், காலேஜ், கோயில் ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க, ஸ்டாப் பேரு தானா வந்துரும். போற வீட்டுக்காரங்ககிட்டயே "உங்க ஸ்டாப்புக்கு பஸ்ல என்ன சொல்லி டிக்கெட் வாங்குவீங்க?"ன்னு கேட்டு வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது, அட்ரஸ விட அதான் உபயோகம்.

"நான் எறங்க வேண்டிய எடம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்? யாரும் ஊர் பேர் கத்த மாட்டேங்குறாங்க."

ஆமா, இங்க ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பேர் சொல்லிக் கூப்புடுற வழக்கம் கம்மி. கொஞ்சம் பஸ்ல அடுத்த ஸ்டாப் பேரச் சொல்ற ஸ்பீக்கர் வெச்சிருக்காங்க, அது இருந்தா அதிர்ஷ்டம். இல்லன்னா கூகுள் மேப்ல நீல புள்ளி நகர்றதப் பாத்துட்டே வாங்க, நெட் இல்லன்னா டிக்கெட் வாங்கும்போதே "ஊருக்குப் புதுசு, வந்தா சொல்லுங்க"ன்னு கண்டக்டர்கிட்டயும் பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வெச்சுடுங்க. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும், கண்டக்டருக்கு அறுபது பேரு, மறந்துருவாரு.

ஒரு ஸ்டாப்புக்கு முன்னாடியே எந்திரிச்சு வாசல் பக்கம் நகர ஆரம்பிச்சுடுங்க. நின்னதுக்கு அப்புறம் எந்திரிச்சு "ஹோல்டான், ஹோல்டான்"னு கத்தினா சில சமயம் நிக்கும், சில சமயம் சிக்னல் வரைக்கும் போயிரும். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம், இது தெரிஞ்சா நிக்கப் போகுதா கெளம்பப் போகுதான்னு புரியும். தாழ்தள பஸ்ல கம்பியில பட்டன் இருக்கும், அத அமுக்கினா போதும்.

"ஸ்டாப்புலதான் நின்னேன், பஸ் நிக்காமயே போயிருச்சு!"

நிழற்குடைக்குள்ள உக்காந்து இருந்தா போயிரும். பஸ் நிழற்குடைக்கு நேரா நிக்கறது அபூர்வம், முன்னாடி ஒரு ஆட்டோ நின்னா இருபது அடி தள்ளி நிக்கும், பின்னாடி இன்னொரு பஸ் நின்னா ரோட்டு நடுவுலயே நிக்கும். ஆளுங்க எல்லாம் ரோட்டப் பாத்து ஒரு அடி முன்னாடி நிக்கறாங்கன்னா அதுதான் காரணம். நம்பர் தெரிஞ்ச உடனே கைய நீட்டுங்க, டிரைவர் கண்ணப் பாருங்க. நடு ரோட்டுல நின்னா மட்டும் ஓடிப் போய் ஏறாதீங்க, இடது பக்கமா பைக்குங்க பூந்து வரும். அதுக்கு அடுத்த பஸ் தேவலாம்.

"ஆப் எல்லாம் இருக்காமே, எது நல்லா இருக்கு?"

"சென்னை பஸ்"னு ஒரு ஆப் இருக்கு, பஸ் எங்க வருதுன்னு மேப்ல காட்டும். 2025 செப்டம்பர்ல "சென்னை ஒன்"னு இன்னொண்ணு விட்டாங்க, அதுல பஸ், மெட்ரோ, எலக்ட்ரிக் ட்ரெயின் மூணுக்கும் சேத்தே டிக்கெட் எடுக்கலாம், எடுத்தத கண்டக்டர்கிட்ட காட்டணும். வழி தெரிஞ்சுக்க கூகுள் மேப் போதும், ஆனா அது சொல்ற நேரத்த நம்பாதீங்க.

ஆப்ல "4 நிமிஷம்"னு காட்டினா நாலு நிமிஷத்துலயும் வரும், சிக்னல்ல மாட்டிக்கிட்டு பதினாலு நிமிஷத்துலயும் வரும். ஆப்ல நம்பரப் பாத்துக்கிட்டு ஸ்டாப்ல நிக்கற பூக்காரம்மாகிட்டயோ டீக்கடையிலயோ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, "அந்த பஸ் இப்பல்லாம் இந்தப் பக்கம் வர்றது இல்லப்பா"ங்கற தகவல் அவங்ககிட்டதான் மொதல்ல கெடைக்கும்.

"போன வழியிலயே எதிர்ப்பக்கம் நின்னா திரும்பி வர பஸ் கெடைச்சிரும்ல?"

கெடைக்கும்னு நெனச்சு ஒரு மணி நேரம் நின்னவங்க உண்டு. ஒன்வே நெறய இருக்கறதால போற வழி ஒரு தெரு, வர்ற வழி இன்னொரு தெருவா இருக்கும், திரும்புற ஸ்டாப்பு பக்கத்து ரோட்டுல இருக்கும். அதோட மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடக்கற எடத்துல எல்லாம் தடுப்பு வெச்சு பஸ்ஸ சுத்தி விடுறாங்க, ஸ்டாப்பையும் நகத்தி வெச்சிருப்பாங்க, மேப்ல அது ஏறுறதுக்கு நாளாகும். எறங்குன உடனே கண்டக்டர்கிட்டயோ பக்கத்துல இருக்கற கடையிலயோ "திரும்பிப் போக எங்க நிக்கணும்?"னு கேட்டு வெச்சுட்டு அப்புறமா வேலையப் பாக்கப் போங்க.

"பெரிய பெட்டி, மூட்டை எல்லாம் ஏத்த விடுவாங்களா?"

தோள்பை, சின்ன பெட்டின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பெரிய பெட்டி, அரிசி மூட்டை, பலாப்பழம்னா லக்கேஜ் டிக்கெட் போடுவாங்க, லேடீஸுக்கும்தான், ஆளுக்குத்தான் ஃப்ரீ. காலை எட்டுல இருந்து பத்தரை, சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டரை இந்த நேரத்துல மூட்டையோட ஏற முயற்சி பண்ணாதீங்க, ஏத்தினாலும் எறக்க முடியாது. கூட்டத்துல மொபைல மேல் பாக்கெட்ல வெக்காதீங்க, பைய முதுகுல இருந்து கழட்டி முன்னாடி மாட்டிக்குங்க.

"அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கொழந்தையும் கூட வருது."

2024 ஆகஸ்ட்ல இருந்து தாழ்தள பஸ் விட்டிருக்காங்க, வாசப்படி ரோட்டு மட்டத்துக்குக் கிட்ட இருக்கும், பஸ் நின்னதும் இடது பக்கமா கொஞ்சம் சாஞ்சு குடுக்கும், வீல்சேர் ஏத்த சரிவுப் பலகையும் இருக்கு. எல்லா ரூட்லயும் இல்ல, ஆனா வந்தா விடாதீங்க, முட்டி வலிக்காரங்களுக்கு டீலக்ஸ் காசு குடுத்தாலும் தகும். சாதாரண பஸ்ல மொத படி ரொம்ப ஒசரம், அப்பாவ முன் வாசல்ல ஏத்துங்க, டிரைவர் கண்ணுல பட்டா கொஞ்சம் நிதானிப்பாரு.

கொழந்தைக்கு 5 வயசு வரைக்கும் டிக்கெட் கெடையாது, அதுக்கு மேல 12 வயசு வரைக்கும் அரை டிக்கெட். பொண்ணா இருந்து பிங்க் பஸ்ஸா இருந்தா அந்தக் கேள்வியே இல்ல.

"டிக்கெட்டக் கசக்கிப் போட்டுட்டேன், எறங்கறப்ப புடிச்சுட்டா?"

புடிப்பாங்க. செக்கிங் இன்ஸ்பெக்டருங்க ஸ்டாப்புல நின்னு எறங்குறவங்ககிட்ட கேப்பாங்க, சில சமயம் நடுவுல ஏறியும் பாப்பாங்க. டிக்கெட் இல்லன்னா 500 ரூபா வரைக்கும் அபராதம், "ஊருக்குப் புதுசு சார்"ங்கறது தெனம் அவங்க கேக்கற வசனம். எறங்கி பத்தடி நடக்கற வரைக்கும் டிக்கெட் கையில இருக்கணும். முன்ன சொன்ன கட்டணமில்லா டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

பாஸ் பண்ணின காசு போயிருச்சு டிக்கெட் இன்னும் வரல, அதுக்குள்ள உங்க ஸ்டாப் வந்துருச்சுன்னா? கண்டக்டர் பாத்துக் குரல் குடுத்து வாங்கிட்டு எறங்குங்க. டிக்கெட் ஸ்டேஜ் கணக்குதான், ஒரு ஸ்டாப் தாண்டிப் போனா சில சமயம் அதே டிக்கெட்லயே அடங்கிரும், சில சமயம் அடுத்த ஸ்டேஜ் ஆயிரும், அதனால தூங்கிட்டு தாண்டிப் போயிட்டா நீங்களே போய் சொல்லி மிச்சத்துக்கு டிக்கெட் எடுத்துடுங்க. நீங்களா சொன்னா அஞ்சு ரூபாயோட முடியும்.

"ராத்திரி ட்ரெயின் லேட்டா வருது, பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்குமா?"

பத்து மணிக்கு மேல கொறய ஆரம்பிச்சிரும், பதினொண்ணுக்கு மேல நைட் சர்வீஸ்னு சில ரூட்ல மட்டும் எப்பவாவது ஒண்ணு வரும். குடும்பத்தோட, பெட்டியோட வந்தா அத நம்பி சென்ட்ரல் வாசல்ல நிக்காதீங்க, ப்ரீபெய்டு ஆட்டோவோ டாக்ஸியோ பாருங்க. தனி ஆம்பளைன்னா ஸ்டேஷன்லயே உக்காந்துட்டு நாலரை, அஞ்சு மணிக்கு மொத பஸ் புடிக்கலாம், அந்த நேரத்துல சென்னை பஸ்ல போறது சொகம், உக்கார எடமும் கெடைக்கும், காத்தும் வரும்.

"மகாபலிபுரம் போக டூர் பஸ்தான் புக் பண்ணணுமா?"

வேணாம், மாநகர பஸ்ஸே போகுது. திருவான்மியூர் வந்தீங்கன்னா ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரை ரோடு வழியா 588. தாம்பரம் பக்கம் தங்கியிருந்தா 515, அது மொதல்ல சொன்ன அந்தக் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியா போகும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் திரும்பறப்ப நிக்கக்கூட எடம் இருக்காது, நாலு மணிக்கு முன்னாடி கெளம்பிடுங்க.

"ஒரு வாரம் இருக்கேன், பாஸ் போட்டா லாபமா?"

மாசத்துக்கு 1000 ரூபா பாஸ் இருக்கு, ஏசி பஸ்ஸும் சேத்துன்னா 2000, ரெண்டாவது 2025ல வந்தது. ஒரு வாரத்துக்கு ரெண்டுமே நஷ்டம். லேடீஸுக்குக் கேக்கவே வேணாம். ட்ரெயினிங், ப்ராஜெக்ட்னு ஒரு மாசம் தங்கி தெனம் ரெண்டு மூணு பஸ் மாறிப் போறவங்க மட்டும் போடுங்க.

"பைய பஸ்லயே விட்டுட்டு எறங்கிட்டேன், இப்ப என்ன பண்றது?"

டிக்கெட் இருக்கா பாருங்க. மெஷின் டிக்கெட்ல ரூட்டு, நேரம் எல்லாம் அடிச்சிருக்கும், அது கையில இருந்தா அரை வேலை முடிஞ்சுது, அதான் கசக்கிப் போடாதீங்கன்னு மேல சொன்னேன். உடனே ஒரு ஆட்டோ புடிச்சு பஸ்ஸ தொரத்துறத விட, அந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப்புக்குப் போங்க. அங்க டைம் கீப்பர்னு ஒருத்தர் சின்ன ரூம்ல உக்காந்து இருப்பாரு, வர்ற பஸ் போற பஸ் எல்லாம் அவர் நோட்டுல ஏறும். ரூட்டும் நேரமும் சொன்னா எந்த வண்டி, எந்த டிப்போ, கண்டக்டர் யாருன்னு அவர் கண்டுபுடிச்சுருவாரு. அவர்கிட்ட வந்து சேரலன்னா ராத்திரி வண்டி டிப்போவுக்குப் போனதுக்கு அப்புறம் அங்க போய்க் கேளுங்க, பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு வரிசையா சொல்லத் தெரியணும். சர்டிஃபிகேட், பாஸ்போர்ட் மாதிரி இருந்தா போலீஸ்லயும் ஒரு புகார் எழுதிக் குடுத்து ரசீது வாங்கிடுங்க, டூப்ளிகேட் போட அது கேப்பாங்க.